தனக்கென்று வைத்திருந்த துணி

இரண்டாவது உலக யுத்தம் முடியும் தறுவாயில், இலங்கையில் மட்டக்களப்புப் பக்கம் ஏறாவூரில் நடந்தது இது. வெள்ளைக்காரனும் ஜப்பான்காரனும் எங்கேயோ அடித்துக்கொண்டார்கள், இங்கே எங்களுக்கு உடுக்கத் துணி இல்லாமல் போனது. அரிசிக்குக் கூப்பன், சீனிக்குக் கூப்பன் என்று வந்து கடைசியில் துணிக்கும் கூப்பன் வந்தது. கூப்பன்தான் வந்தது, துணி வரவில்லை. தறி வைத்திருந்த வீடுகளில் நூல் இல்லாமல் தறிக்குழிக்குள் கோழி அடைகாத்தது. எங்கள் தெருவில் அண்ணன் தம்பி இருவருக்கும் சேர்த்து நல்ல சாறன் ஒன்றே ஒன்று. ஒரு வெள்ளிக்கிழமை அண்ணன் ஜும்ஆத் தொழுகைக்குப் போனால் அடுத்த வெள்ளிக்கிழமை தம்பி போவான். அவர்களைப் பார்த்து நாங்கள் கேலி பண்ணிச் சிரிப்போம். சிரித்தவர்களின் சாறனும் முழங்காலுக்குக் கீழே கந்தல்தான்.

எனக்குக் கலியாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவது வழக்கம். நானும் மனைவியின் வீட்டில், மாமியோடு இருந்தேன். சொந்தமாக ஒரு தோணி இருந்தது. வாவிக்கு அப்பால் படுவான்கரையிலிருந்து விறகு ஏற்றிவந்து இந்தக் கரையில் விற்பேன். வயிறு நிரம்பாவிட்டாலும் கைநீட்டாமல் இருக்கிறோமே என்று ஒரு திமிர் எனக்குள் இருந்தது.

மாரி கழிந்ததும் ஊருக்குள் காய்ச்சல் புகுந்தது. என் மனைவியையும் பிடித்தது. நடுக்கம் வந்தால் கட்டிலே ஆடும். போர்த்துவதற்குப் போர்வை ஏது? நெல்லுச் சாக்குகளைத்தான் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டு மூடினோம். ஆஸ்பத்திரியில் ஒரு போத்தல் கசப்பு மருந்து தந்தார்கள், அதையும் குடித்தாள். காய்ச்சல் விடும், இரண்டு நாள் எழுந்து நடப்பாள், மறுபடி பிடிக்கும். ஒரு நாள் காலையில் கஞ்சியைக் கொண்டுபோனேன். வேண்டாம் என்று சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பினாள். கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிட்டுப் பார்த்தபோது அவள் இல்லை.

ஒரு வீட்டில் மவுத்து என்றால் யாரும் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. அன்றும் அப்படித்தான். ஒருவர் மண்வெட்டியோடு மையவாடிக்குக் குழி வெட்டப் போனார். ஒருவர் குளிப்பாட்டும் தண்ணீரில் போட இலந்தை இலை பறித்து வந்தார். பக்கத்து வீட்டில் அவர்களுக்கே பற்றாத மரவள்ளிக்கிழங்கை அவித்து எங்களுக்கு அனுப்பினார்கள். கையால் செய்யக்கூடிய உதவிக்கு அன்று ஒரு குறையும் இல்லை. கடையில் வாங்க வேண்டியதுதான் யாரிடமும் இல்லை.

பெண் மையித்தைக் குளிப்பாட்ட ஒருவர் வந்தார். அக்காவை நாங்கள் ராத்தா என்போம். ஊரில் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவர் ராத்தா. நாற்பத்தைந்து வயதிருக்கும், விதவை, பிள்ளை இல்லை. ஓலைப்பெட்டி இழைத்து விற்றுச் சீவிப்பவர். எந்த வீட்டில் பெண் மவுத்தானாலும் வந்து குளிப்பாட்டுவார், கூலி வாங்கமாட்டார், ஒரு வாய்த் தேத்தண்ணியும் குடிக்கமாட்டார். வாய் மட்டும் பொல்லாத வாய். மவுத்தான வீட்டிலும் ஆட்களை ஏசாமல் அவருக்கு வேலை ஓடாது.

கிணற்றடியில் பாயைக் கட்டி மறைத்துக் குளிப்பாட்டினார்கள். நான் வெளியே நின்று தண்ணீர் அள்ளிக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் மறைப்புக்குள்ளிருந்து ராத்தா சத்தம் போட்டார்.

“தம்பி, குளிப்பாட்டி முடியப் போகுது. கபன் எங்க?”

கபன் என்பது மையித்தைப் பொதியும் வெள்ளைத் துணி. அதைப் பற்றி எனக்கு அதுவரை நினைவே வரவில்லை. வாளியைக் கிணற்றுக் கட்டில் வைத்துவிட்டு ஓடினேன். புடவைக்கடைக்காரர் என்னைக் கண்டதும் எழுந்து வெறும் தட்டுகளைக் கையால் காட்டினார். பள்ளிவாசலில் ஏழைகளுக்கென்று எப்போதும் கொஞ்சம் வெள்ளைத் துணி இருக்கும். காய்ச்சல் தொடங்கியபின் அதுவும் முடிந்துவிட்டது என்றார் தொழுகை நடத்தும் லெப்பை. நல்ல மனிதர் அவர். என் தோளைப் பிடித்துக்கொண்டு, “பழைய துணி எண்டாலும் துப்புரவா இருந்தாப் போதும் மகன், மார்க்கத்தில குறையில்ல” என்றார்.

பழைய துணியாவது இருந்ததா? மாமி பெட்டகத்தைத் திறந்து உள்ளே இருந்ததையெல்லாம் வெளியே எடுத்துப் போட்டார். கலியாணத்துக்கு நான் எடுத்துக் கொடுத்த கூறைப் புடவையை மாரிப் பஞ்சத்தில் நெல்லுக்கு மாற்றித் தின்றிருந்தோம். மிச்சம் இருந்தது ஒரு அரைச் சீலை, என்னுடைய இரண்டு கந்தல் சாறன், ஒரு குழந்தைத் துணி. அந்தக் குழந்தைத் துணியை அவள் எப்போது வாங்கி வைத்தாள் என்று எனக்குத் தெரியாது. அதைக் கண்டதும்தான் நான் அழுதேன். சத்தம் போட்டு அழுதேன்.

ராத்தா ஈரக் கையோடு வந்து வாசலில் நின்றார். தரையில் கிடந்த துணிகளையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

“அழுதுகொண்டு நிண்டா துணி முளைக்குமா? போய்த் தண்ணிய அள்ளு. நான் இந்தா வாறன்.”

அவர் போய் வந்தது எனக்குத் தெரியாது. மறுபடி என் மனைவியைப் பார்த்தபோது தலை முதல் கால் வரை புது வெள்ளைத் துணியில் கிடந்தாள். ஒரு ஒட்டில்லை, ஒரு கறையில்லை. கற்பூரமும் அத்தரும் மணத்தன. அந்தக் கூறைப் புடவைக்குப் பிறகு அப்படி ஒரு புதுத் துணியை நான் அவளுக்கு வாங்கிக் கொடுத்ததில்லை. பள்ளிவாசலிலிருந்து யாரோ தேடிப் பிடித்து அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பொழுதுபட்டதும் தொழும் மஃரிபுக்கு முன்னே அடக்கிவிட்டு வந்தோம்.

சில நாள் கழித்து, என் உம்மா வீட்டுக்கே திரும்பிப் போகலாம் என்று நான் சாமானைக் கட்டும்போதுதான் மாமி சொன்னார். அது ராத்தாவுடைய சொந்தக் கபன். யுத்தத்துக்கு முந்தி அவருடைய புருஷன் கப்பலேறி ஹஜ்ஜுக்குப் போனபோது, தனக்கும் பெண்சாதிக்கும் என்று இரண்டு கபன் துணியை மக்காவின் ஸம்ஸம் தண்ணீரில் நனைத்து உலர்த்திக் கொண்டுவந்தாராம். ஒன்றில் அவரை அடக்கினார்கள். மற்றதை ராத்தா பெட்டகத்தில் வைத்திருந்தார். மனிதர் கொண்டுவந்து கொடுத்ததில் மிஞ்சியிருந்த ஒரே பொருள் அதுதானாம்.

கைநீட்டாதவன் என்று திமிரோடு திரிந்தவன், முன்பின் பழகாத ஒரு விதவையின் கடைசித் துணியை வாங்கியிருக்கிறேன். நேரே அவர் வீட்டுக்குப் போனேன். எப்படியாவது வேறு துணி வாங்கித் தருகிறேன் என்றேன். இழைத்துக்கொண்டிருந்த பெட்டியிலிருந்து அவர் தலையைத் தூக்கவே இல்லை.

“கிடைச்சா கொண்டா. கிடைக்காட்டி அதுக்கும் ஒரு அழுகைய அழாத.”

அதன் பிறகு எனக்கு வேறு நினைப்பில்லை. பட்டாளத்தார் முகாம் போட்டிருந்த இடங்களுக்கெல்லாம் விறகு கொடுத்தேன். ஒரு நாளைக்கு இரண்டு தரம்கூட வாவியைக் கடந்தேன். பல மாதம் ஆயிற்று. கடைசியில் கொழும்பு லொறியில் வந்த ஒருவனிடம், கறுப்புச் சந்தை விலைக்கு, ஒரு ஆளுக்குப் போதுமான வெள்ளைத் துணி வாங்கினேன். கொண்டுபோய்க் கொடுத்தேன். ராத்தா அதை விரித்து, விரலால் நெருடி, முகர்ந்துகூடப் பார்த்தார். “நல்ல துணிதான்” என்று சொல்லிப் பெட்டகத்தில் வைத்தார். மனைவி மவுத்தானபின் அன்றுதான் நான் நன்றாகச் சாப்பிட்டேன்.

ஒரு மாதம்கூடப் போகவில்லை. வாவிக்கரைக் குடிசை ஒன்றில் ஒரு சின்னப் பெண் பிரசவத்தில் மவுத்தானாள். ராத்தா குளிப்பாட்டப் போனார். நான் கொடுத்த துணியில் அவளைப் பொதிந்துவிட்டு வந்துவிட்டார்.

கேள்விப்பட்டதும் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. தோணியைக் கட்டக்கூட நிற்காமல் ஓடினேன். அவர் முற்றத்தில் பானை கழுவிக்கொண்டிருந்தார்.

“என்ன ராத்தா செஞ்சீங்க? அது உங்களுக்கெண்டு வாங்கினது!”

“எனக்குத்தானே தந்த? என்ட சாமானை நான் குடுத்தன். உனக்கென்ன?”

“உங்களுக்கு ஒண்டு நடந்தா என்ன செய்யிற?”

பானையைக் கீழே வைத்தார். வழக்கமாக வரும் ஏச்சு அப்போது வரவில்லை.

“மவுத்தான அந்தப் புள்ளைக்கு உம்மாவும் இல்ல. சாக்கில சுத்துவம் எண்டு நிக்கிறானுகள். என்ட பெட்டகத்தில ஒரு துணி கிடக்கு, ஆனா அது நான் மவுத்தானாப் போடுறதுக்கு எண்டு அந்தப் புள்ளைக்கிட்ட எப்படிச் சொல்லுற?” என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “எனக்கும் பயம்தான் தம்பி. எத்தினை பேரைக் குளிப்பாட்டியிருக்கன், துணி இல்லாமக் கிடக்கிறது எப்படி எண்டு என்னை விட ஆருக்குத் தெரியும்? படுக்க முந்தி அந்தப் பெட்டகத்தை ஒருக்காத் தடவுவன். இப்பயும் தடவுறன். வெறும் பெட்டகம்” என்றார்.

பயம் என்பதே தெரியாத பெண் என்றுதான் அதுவரை நான் நினைத்திருந்தேன். பயந்துகொண்டே கொடுத்திருக்கிறார், இரண்டு முறையும். என் கோபம் போன இடம் தெரியவில்லை. திரும்ப வாங்கித் தருவேன் என்று சொல்லத்தான் முடிந்தது. அவர் தலையை ஆட்டினார்.

வாங்க முடியவில்லை. லொறிக்காரன் அதன்பின் வரவே இல்லை. மட்டக்களப்பு ரவுணில் கடை கடையாக ஏறி இறங்கினேன். காத்தான்குடியில் தறிக்காரர்களிடம் கேட்டேன். நூல் வந்தால் தருகிறோம் என்றார்கள். நூல் வருவதற்குள் ராத்தாவைக் காய்ச்சல் பிடித்துவிட்டது. ஓய்ந்துபோன உடம்பு, அதிக நாள் தாங்கவில்லை.

அந்த வீட்டு வாசலில் நான் நின்றது இப்போதும் கண்ணில் நிற்கிறது. உள்ளே பெண்கள் தட்டுத் தடுமாறிக் குளிப்பாட்டினார்கள். ஏனென்றால் அந்த வேலை தெரிந்தவர் அங்கே கிடந்தார். முடியப் போகும் நேரத்தில் யாரோ ஒரு பெண் உள்ளேயிருந்து கபன் கேட்டாள். வெளியே நின்ற எங்களில் பாதிப் பேருக்கு அவர் உம்மாவையோ மகளையோ பெண்சாதியையோ பொதிந்து கொடுத்தவர். லெப்பை கீழே பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் கரைக்கு ஓடினேன். தோணியின் பாய்ச்சீலையைப் பாய்மரத்திலிருந்து அறுத்தேன். பெரிய சீலை என்று எனக்குத் தெரிந்து மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான், மனைவி மவுத்தான அன்று இது எனக்குத் தோன்றவே இல்லை. வெயிலிலும் உப்புக்காற்றிலும் பழுப்பேறி, இடத்துக்கு இடம் ஒட்டுப் போட்டது. மாமியும் இன்னும் சில பெண்களும் அதைச் சவர்க்காரம் போட்டு அவித்தார்கள், கல்லில் அடித்தார்கள், திரும்பவும் அவித்தார்கள். பொழுது சரிந்துகொண்டே வந்தது. அது வெளுக்கவே இல்லை. ஈரத்தோடு பிழிந்து, அந்தப் பழுப்புச் சீலையில்தான் ராத்தாவைப் பொதிந்தார்கள். கபுறுக்குள் இறக்கும்போது ஒரு ஒட்டு என் கையில் தட்டுப்பட்டது. போன வருஷம் நானே தைத்த ஒட்டு. தையல் முரடாக இருந்தது.

அப்புறம் யுத்தம் முடிந்தது. கூப்பன் போனது. கடைகளில் வெள்ளைத் துணி அடுக்கடுக்காக வந்து இறங்கியது. ஒரு நாள் அந்தப் புடவைக்கடைக்காரர் வியாபாரத்துக்காக ஒரு வெள்ளைத் துணிக்கட்டை என் முன்னால் உருட்டி விரித்தார். நான் கடைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவருக்கும் காரணம் தெரிந்திருக்க வேண்டும். ஒன்றும் கேட்காமல் தண்ணீர் கொடுத்தார்.

நான் மறுபடி கலியாணம் செய்தேன், பிள்ளைகள் பெற்றேன், ஓரளவு வசதியாகவும் இருக்கிறேன். தெருவில் ஒரு மவுத்து நடந்தால் முதல் ஆளாகப் போவேன். கபுறு வெட்டுவேன், துணிக்குக் காசு கொடுப்பேன், அந்த வீட்டுக்குச் சோறு அனுப்புவேன். நல்ல மனிதர் என்று ஊரில் சொல்கிறார்கள். சில வருஷங்களுக்கு முன் மகன் ஹஜ்ஜுக்குப் போய் வந்தபோது எனக்கென்று ஒரு கபன் கொண்டுவந்து தந்தான், அது என் அலுமாரியில் இருக்கிறது. இன்றைக்குக் கடை நிறையத் துணி கிடக்கிறது, அதை யாரும் என்னிடம் கேட்கப் போவதில்லை. அப்படி ஒருவர் கேட்கும் நாள் வந்தால் எடுத்துக் கொடுப்பாயா என்று என்னை நானே எத்தனையோ தரம் கேட்டுப் பார்த்துவிட்டேன். ஓம் என்று சொல்ல இன்னும் எனக்கு வாய் வரவில்லை.