தொண்ணூறு டிகிரியில் வெந்த கடைசி அத்தியாயம்

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை உருளை இயந்திரத்தில் கொடுத்துத் தேய்த்து எடுப்பவருக்கு நாங்கள் வைத்த பெயர் வக்கீலக்கா. எட்டாம் வகுப்போடு தன்னைப் பள்ளியிலிருந்து நிறுத்திய அப்பாவை அவர் இன்னும் மன்னிக்கவில்லை. கணவர் சீக்கிரம் போய்ச் சேர்ந்தார். இரண்டு பையன்களை ஆளாக்கிவிட்டு, பத்தொன்பது வருஷமாக அந்த உருளையின் முன்னால் நிற்கிறார்.

மதியம் பன்னிரண்டரைக்கு உருளை ஆறுவதற்காக அரை மணி நேரம் நிறுத்துவோம். ஒருநாள் அந்த அமைதி பொறுக்காமல் அக்கா எதையோ உரக்க வாசித்தார். அப்படித்தான் ஆரம்பித்தது, திங்களும் வெள்ளியும் வாசிப்பு. கேட்பவர்கள் நாலு பேர்: துவைக்கும் இயந்திரம் பார்க்கும் நான், கிழிசல் தைக்கும் அம்மா, வேன் டிரைவர், விரிப்பு மடிக்கும் புதுசு. அவள் வந்து நாலு வருஷம் ஆகியும் எங்களுக்குப் புதுசுதான்.

பழைய, பெரிய, காலத்தைத் தாண்டி நின்ற கதைகள்தான் அக்காவுக்கு வேண்டும். "இருநூறு வருஷம் ஒருத்தரும் தூக்கிப் போடலைன்னா அதுல சரக்கு இருக்கு தம்பி" என்பார். இரண்டு சட்டங்கள் வைத்திருந்தார். ஒன்று, யாரும் முன்கூட்டிப் புரட்டிப் பார்க்கக் கூடாது. வாசிப்பவருக்கும் அதே சட்டம். இரண்டாவது, ஒவ்வொரு அத்தியாயம் முடிந்ததும், கதையில் எல்லோரும் திட்டும் ஆளுக்காக ஒருவர் வாதாட வேண்டும். அந்த வேலையை வேறு யாரும் ஏற்காததால் அக்காவே செய்வார். பெயர் வந்தது அதனால்தான். அந்த அரை மணியில் நாங்கள் போட்ட சண்டையை எங்கள் வீட்டில் போட்டிருந்தால் வீடு ரெண்டுபட்டிருக்கும். எனக்கு அதுபோல ஒரு சுகம் வேறு எதிலும் கிடைத்ததில்லை.

கடைசியாக எடுத்தது பழைய புத்தகக் கடையில் கிடைத்த, செங்கல் மாதிரி ஒரு தடிப் புத்தகம். அட்டையும் இல்லை, எழுதியவர் பெயரும் இல்லை. துவைத்த துணி இருக்கும் சுத்தப் பகுதிக்குள் பையோ பெரிய புத்தகமோ கொண்டுவரக் கூடாது என்பதால், அக்கா அதைக் கத்தரியால் அத்தியாயம் அத்தியாயமாகப் பிரித்து, தனித்தனியாக நூல் போட்டுத் தைத்து, ஒவ்வொன்றாக வேலைக் கோட்டுப் பையில் வைத்துக் கொண்டுவருவார். கதை ஒரு படகுக்காரனைப் பற்றியது. அவன் சொன்ன பொய்ச் சாட்சியால் மனைவியின் தம்பி சிறைக்குப் போகிறான். அவள் அக்கரைக்குப் போய்விடுகிறாள். பத்து வருஷம் கழித்து அவன் படகோடு வந்து கூப்பிடுகிறான். அவள் ஒரு காலைத் தூக்கிப் படகில் வைக்கிறாள். அதோடு கடைசிக்கு முந்தின அத்தியாயம் முடிந்தது.

"ஏறக் கூடாது" என்றார் தையல் அம்மா.

"தப்பை ஒத்துக்கிட்டுத்தானே கூப்பிடுறான்? வாய் திறந்து ஒத்துக்கிட்டவனுக்கு ஒரு வாய்ப்பு கொடுக்கணும்" என்றார் வக்கீலக்கா, எட்டு மாதமாக அவனுக்கு வாதாடும் பழக்கத்தில்.

அப்போது புதுசு, மடித்த விரிப்பை அடுக்கியபடியே சொன்னாள்: "அவ ஏறினா நானும் ஏறுறேன். ஏறலைன்னா நானும் ஏறலை."

டிரைவர் மட்டும் சிரித்தார். அவருக்கு அன்று சாயங்காலம்தான் விஷயத்தைச் சொன்னோம், மற்ற எங்களுக்கு முன்பே தெரியும். அவள் கணவன் வாயைத் திறந்தால் பொய். வேலை போனதை எட்டு மாதம் மறைத்தவன், மாட்டிக்கொண்டதும் 'இவளுக்கு மூளை சரியில்லை' என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தான். பிரிந்து இரண்டு வருஷம். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குக் கேட்டில் நிற்பேன், வந்தால் வா, இல்லையென்றால் இதோடு சரி என்று ஆள் விட்டுச் சொல்லியிருந்தான். கடைசி அத்தியாயத்தின் வாசிப்பும் அதே வெள்ளி மதியம்தான்.

புதன்கிழமை நான் அந்தப் பாவத்தைச் செய்தேன். இயந்திரத்தில் போடும் முன் ஒவ்வொரு பையிலும் கைவிட்டுப் பார்ப்பது என் வேலை. அன்று அவசரம், பார்க்கவில்லை. அக்கா கழற்றிப் போட்ட கோட்டும், அதன் பையிலிருந்த கடைசி அத்தியாயமும் தொண்ணூறு டிகிரியில் வெந்தன. கதவைத் திறந்தால் விரிப்பெல்லாம் வெள்ளைத் துணுக்குகள். டிஷ்யூ காகிதம் என்று சொல்லி மடிக்க அனுப்பிவிட்டேன்.

அக்காவிடம் மட்டும் சொன்னேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து ஒரு அடி பின்னால் போனேன்.

"பையில வெச்சது நீங்கதானே?" என்றேன், தப்பிக்க.

"பார்க்காம போட்டது யாரு?"

"சரிக்கா, விடுங்க. ஒரு நல்ல முடிவா நீங்களே சொல்லிடுங்க. யாருக்குத் தெரியப் போகுது?"

"எதுடா நல்ல முடிவு? ஏறுறதா, ஏறாததா? சொல்லு, அதையே வாசிக்கிறேன்."

அக்கா வியாழக்கிழமை விடுப்பு எடுத்து மூன்று பழைய புத்தகக் கடை ஏறி இறங்கினார். வேறு பிரதி கிடைக்கவில்லை.

வெள்ளி மதியம் உருளை நின்றது. அக்கா பையிலிருந்து தைத்த தாள்களை எடுத்தார். சலவை விநியோகப் படிவங்களின் பின்பக்கம், அவர் கையெழுத்து. எனக்கு மட்டும் தெரியும் கோணத்தில் உட்கார்ந்திருந்தார். புதுசு எதிரே, மடியில் கை கோத்துக்கொண்டு, கண் கொட்டாமல் பார்த்தாள்.

அக்கா வாசித்தார். ஆறு வந்தது, காற்று வந்தது, படகுக்காரன் கை நீட்டினான். நன்றாகத்தான் எழுதியிருந்தார். தையல் அம்மா ஊசியை நிறுத்திவிட்டார். அந்த ஒரு கால் இன்னும் படகில்தான் இருந்தது. அடுத்த வரியில் ஒரு பெண்ணின் வாழ்க்கை இருக்கிறது, அதை எழுதியது அக்கா, எழுதச் சொன்னது நான்.

"அவள் தன் காலை..." என்று வாசித்தவர் நிறுத்தினார்.

"எடுத்தாளா, வெச்சாளா? சொல்லுங்கக்கா!" என்றார் டிரைவர்.

அக்கா தாளை மடித்தார். "தெரியாது. இது நான் எழுதினது. கடைசி அத்தியாயம் துவைக்கிறதுல போயிடுச்சு. என் பையில இருந்தது, நான்தான் மறந்தேன்."

"நான்தான் பையைப் பார்க்காம போட்டேன்" என்றேன். எப்படியோ அது வெளியே வந்துவிட்டது.

"எட்டு மாசம் கேட்டேன்யா!" என்று டிரைவர் கத்தினார். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் எல்லோரும் புதுசைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"எனக்குப் புதன்கிழமையே தெரியும்" என்றாள் அவள். "அந்தத் துணுக்கையெல்லாம் நகத்தால சுரண்டி எடுத்தது நான்தானே. டிஷ்யூவுல அச்செழுத்து இருக்குமா அண்ணே?"

"அப்புறம் ஏன்மா பேசாம உட்கார்ந்திருந்தே?" என்றார் அக்கா.

"நீங்க என்ன செய்றீங்கன்னு பார்க்கக்கா. நீங்களும் எனக்கு நல்லதுன்னு நினைச்சு ஒரு பொய்யை வாசிச்சிருந்தா, அது எந்த முடிவா இருந்தாலும் சரி, அவரோடயே போயிடலாம்னு இருந்தேன். எல்லா இடமும் ஒண்ணுதான்னா எங்க இருந்தா என்ன?"

அக்கா அழுதார். அவர் அழுது அன்றுதான் பார்த்தேன். ஒரு மணிக்கு உருளை ஓட வேண்டும், ஓடியது.

ஐந்து மணிக்கு வேலை முடிந்தும் நாங்கள் கிளம்பவில்லை. ஜன்னல் வழியாகக் கேட் தெரியும். அவள் கணவன் கையை ஆட்டி ஆட்டிப் பேசினான், அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பத்து நிமிஷம். அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்தாற்போல் தெரு முனை வரை நடந்தார்கள், மறைந்தார்கள். டிரைவர் 'ச்சே' என்றார். அக்கா ஜன்னலை விட்டு நகரவில்லை.

கால் மணி கழித்து அவள் மட்டும் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"டிபன் பாக்ஸை மறந்துட்டேன்."

"அவர்?" என்றார் அக்கா.

"பஸ் ஏத்தி விட்டேன்." டப்பாவை எடுத்துக்கொண்டாள். "'நான் உன்னைப் பத்திப் பொய் சொன்னேன்'னு ஒரே ஒரு வார்த்தை சொல்லச் சொன்னேன்கா. வரலை. அந்தப் படகுக்காரனுக்காக நீங்க எட்டு மாசம் எவ்வளவு நல்லாப் பேசினீங்க. இவருக்குத் தனக்காகக்கூட அதுல ஒரு வரி பேச வரலை."

வாசல் வரை போனவள் திரும்பிக் கேட்டாள். "திங்கட்கிழமை என்ன புத்தகம்?"