மூட முடியாத உதடு

நான்கு வருடங்களுக்கு முன்பு நடந்தது. திருவிடைமருதூர் பக்கம் ஒரு கிராமத்துத் தொடக்கப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியையாக இருந்தேன். கண்டிப்பானவள் என்று பெயர். "வாயில் விரல் வை!" என்று நான் ஒரு குரல் கொடுத்தால் பக்கத்து வகுப்புப் பிள்ளைகளும் சேர்ந்து வைத்துக்கொள்ளும். அதில் எனக்குப் பெருமை வேறு.

அந்த ஐப்பசியில் எங்கள் பள்ளியின் சத்துணவுச் சமையல்காரம்மா திடீரென்று இறந்துபோனார். ஞாயிற்றுக்கிழமை நெஞ்சுவலி, திங்கட்கிழமை பள்ளியில் அஞ்சலி. பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, இரண்டு நிமிடம் மௌனமாக நிற்கச் சொல்லியிருந்தோம். எல்லோரும் தலைகுனிந்து நிற்க, என் வகுப்புப் பெண் ஒருத்தி மட்டும் மேல்வரிசைப் பல் முழுக்கத் தெரிய நின்றுகொண்டிருந்தாள். பாட நேரத்திலும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பாள். "வாயை மூடு" என்று அவளை நூறு தடவை அதட்டியிருப்பேன். அன்று எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"சாவுக்கு நிக்கிற எடத்துல என்னடி சிரிப்பு?"

வரிசையிலிருந்து இழுத்து, சத்துணவுக் கூடத்துச் சுவரைப் பார்த்து நிற்க வைத்தேன். சாப்பாட்டு மணி அடிக்கும்வரை நின்றாள். அன்றிலிருந்து என்னைப் பார்த்தாலே இடது கையால் வாயைப் பொத்திக்கொள்வாள். பரவாயில்லை, மரியாதை வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

கார்த்திகையில் பல் மருத்துவ முகாம் வந்தது. இளம் பெண் மருத்துவர் ஒருவர் டார்ச் அடித்துப் பார்த்துச் சொல்லச் சொல்ல, நான் பதிவேட்டில் குறித்துக்கொண்டே வந்தேன். சொத்தைப் பல் கட்டம் நிரம்பும் என்று எனக்குத் தெரியும். ஆனால், 'கடி சரியில்லை' என்ற கட்டமும் அதற்குச் சமமாக நிரம்பியது. ஒருவனுக்குக் கீழ்த்தாடை முன்னால் வந்திருக்கிறது, ஒருத்திக்குப் பல்மேல் பல், இன்னொருவனுக்குக் கடித்தால் பல் ஒரு பக்கமாக ஒதுங்குகிறது. ஆறு மாதமாக என் எதிரிலேயே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள்!

"என்னங்க டாக்டர், இத்தனை பிள்ளைங்களுக்கா?" என்றேன்.

"எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனாலும் இப்படித்தான் மேடம். ரொம்பச் சாதாரணம். யாரும் கவனிச்சுப் பாக்கறதில்ல, அவ்வளவுதான்."

அடுத்து அந்தப் பெண். மருத்துவர் அவள் கையை மெல்ல விலக்கி, "உதட்டை மூடு பாப்பா" என்றார். அவள் மூடப் பார்த்தாள். மோவாய் சுருங்கி நடுங்கியது. உதடுகள் தொட்ட மாதிரி இருந்து, மறுபடி பிரிந்துவிட்டன.

"இவளால மூட முடியாது மேடம். கஷ்டப்பட்டு மூடினாலும் ரெண்டு நிமிஷம் நிக்காது. முன்பல்லு மேலயும் கீழயும் ஒட்டவே இல்ல பாருங்க." பிறகு அவளிடம் கேட்டார்: "கடிச்சுத் திங்க வராதே, முட்டையெல்லாம் எப்படிச் சாப்பிடுவ?"

"சமையக்கார அம்மா பிச்சுப் பிச்சுச் சோத்துல போட்டுக் குடுப்பாங்க."

"இப்ப?"

"இப்ப நான் முட்டை வாங்கறதில்ல."

அன்றைக்கு அந்த வரிசையில் நின்றவர்களில் உண்மையிலேயே துக்கத்தோடு நின்றவள் அவள் ஒருத்திதான். அவளைத்தான் நான் வெளியே இழுத்திருக்கிறேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பிள்ளைகள் முன்னால் அழவும் வெட்கமாக இருந்தது.

இந்த வயதில் கவனித்தால் சரிசெய்வது சுலபம், தள்ளிப்போட்டால் கஷ்டம் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார் மருத்துவர். அதை எடுத்துக்கொண்டு அவளுடைய அம்மாவைத் தேடி வயலுக்கே போனேன். களையெடுத்துக்கொண்டிருந்தவர் வரப்புக்கு வந்தார். "எத்துப்பல்லு ராசின்னுல்ல சொல்லுவாங்க டீச்சர்? களையெடுப்பு முடியட்டும், பாக்கலாங்க" என்றார். நானே சனிக்கிழமை தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டேன். சரி என்றார்.

சனிக்கிழமை காலை அம்மாவும் மகளும் பஸ் நிறுத்தத்துக்கு வந்தார்கள். தலைக்கு எண்ணெய் வைத்து, பூ வைத்து அனுப்பியிருந்த பிள்ளை, என்னைக் கண்டதும் அம்மாவின் புடவையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. "டீச்சர் கூட வேணாம்மா, டீச்சர் கூட வேணாம்" என்று ஒரே அழுகை. அன்றைக்குக் கூலி வேலையை விட்டுவிட்டு அம்மாவாலும் வர முடியாது.

"தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். ஒங்களைக் கண்டாலே அவளுக்குப் பயங்க."

அவளிடம் குனிந்து, "அன்னைக்குத் தப்பு என்மேலதாம்மா, மன்னிச்சுக்க" என்றேன். வாயைப் பொத்திக்கொண்டே தலையாட்டினாள். ஆனால் புடவையை விடவில்லை. பஸ் வந்தது, நின்றது, போயிற்று. அதற்குப் பிறகு அறுவடை வந்தது, அடுத்த வருடமும் வந்தது. நானும் இரண்டு தடவை கேட்டுப் பார்த்து, பிறகு விட்டுவிட்டேன். விட்டுவிட்டேன் என்று எழுதும்போதுகூட உறுத்துகிறது.

இப்போது அவள் ஏழாம் வகுப்பு, வேறு பள்ளி. பல் அப்படியேதான் இருக்கிறது. எப்போதாவது பஸ் நிறுத்தத்தில் பார்த்தால், "வணக்கம் டீச்சர்" என்பாள். இடது கை வாயை மூடியிருக்கும். பக்கத்தில் இருப்பவர்கள், எவ்வளவு அடக்கமான பிள்ளை என்கிறார்கள். அந்தக் கையை அங்கே கொண்டுபோய் வைத்தது நான் என்பது, அவளுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.