சங்கு ஊதினால் வயிறு முறுக்கும்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினனான். ஒருவருடைய வாசலிலும் போய்க் கை நீட்டி நின்றதில்லை. மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனாலும் எழுத்துக் கூட்டி எழுத எனக்கு ஏலும். இந்தக் கோபத்தை வாயால் சொன்னால் வீட்டில் சண்டைதான் வரும் என்பதால் எழுதுகிறேன்.

துறைமுகத்துச் சங்கின் சத்தம் இன்னும் என் வயிற்றுக்குள் கிடக்கிறது. பின்னேரம் வேலை முடிகிற நேரம் அது ஊதும். ஒழுங்கையில் மற்றப் பிள்ளைகள் விளையாட்டை விட்டுத் தகப்பனைப் பார்க்கப் படலைக்கு ஓடுவார்கள். எனக்கோ ஈரத் துணியைப் பிழிகிற மாதிரித் தொப்புளைச் சுற்றி முறுக்கும். குசினியில் சூடை மீன் பொரிகிற வாசத்துக்கு வாயூற வேண்டிய வயதில் எனக்கு வாய் காய்ந்துபோகும்.

எங்கள் தகப்பனை ஐயா என்றுதான் கூப்பிடுவோம், கப்பலில் மூட்டை இறக்குகிறவர். அங்கே கங்காணிக்கு முன்னால் வாய் திறக்க ஏலாது. அந்த ஏச்சையெல்லாம் வாங்கிக்கொண்டு வந்து, குளித்து, திருநீறு பூசி, நாங்கள் நாலு பிள்ளைகளும் சோற்றில் கை வைத்த பிறகுதான் அவர் தொடங்குவார். அதற்கு முதல் ஒரு சொல் வராது. "சோத்தில கை வைச்சால் எழும்பக் கூடாது" என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அதனால் எங்களைக் கட்டிப்போட்டுவிட்டுத்தான் விசாரணை. பகல் முழுக்க அம்மா பொத்தி வைத்த முறைப்பாடுகளும் அந்த நேரம்தான் அவிழும்.

"குடத்தை உடைச்சது ஆர்?"

"வேற ஆர், இவள்தான். கேட்டால் முழுசுறாள்."

"வாய்க்குள்ள என்ன கொழுக்கட்டையோ? சொல்லடி!"

வாய்க்குள் சோறு. விழுங்கினால் அழுகை வரும், விழுங்காவிட்டால் அடி வரும். மெல்லாமல் விழுங்குவேன், கல் மாதிரி நெஞ்சில் நிற்கும். கை கழுவினதும் கிணற்றடி வாழைக்குக் கீழே எல்லாம் வெளியே வந்துவிடும்.

அம்மா "பூச்சி" என்று ஆமணக்கெண்ணெய் பருக்கினாள். அது கேட்கவில்லை என்று, "நாவூறு" என உப்பும் செத்தல் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். எலும்பும் தோலுமாக நின்ற என்மேல் ஆருடைய கண் படப்போகிறது?

அறுவடைக்காலத்தில் ஐயா லோஞ்சிப் படகேறிக் கட்டைபறிச்சானுக்கு, தன் தமக்கையின் வயலுக்குப் போய்ப் பத்து நாள் நின்றார். பத்து நாளும் இரண்டாந்தரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டனான். ஒரு பருக்கை திரும்பி வரவில்லை. அம்மா வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுக்காரிக்குச் சொன்னாள்:

"எண்ணெய் இப்பதான் அக்கா வேலை செய்யுது."

"ஓமடி, பெட்டையின்ர முகம் தெளிஞ்சிருக்கு."

பதினோராம் நாள் சங்கு ஊதியது. ஐயா வந்தார். நான் வாழையடியில் குனிந்து நின்றேன். அம்மா எண்ணெய்ப் போத்தலை எடுத்தாள். அந்த வீட்டில் ஒருத்தருக்காவது யோசனை ஓடவில்லையே என்று நினைக்கிறபோது, மிச்சமிருக்கிற பல்லையும் கடிக்கிறேன்.

இப்போது லிங்கநகரில் இளைய மகனோடு இருக்கிறேன். அந்தச் சங்கு இல்லை, படலை இல்லை, வாழையும் இல்லை. மேசையும் கதிரையும் வந்துவிட்டன. சோறு போட்டதும் மகன் போனை எடுக்கிறான். பள்ளிக்கூடத்துப் புள்ளிகள் அதற்குள்தான் வருகின்றன. பேத்தி யாழினிக்குப் பத்து வயது, புலமைப்பரிசில் சோதனைக்குப் படிக்கிறாள்.

"கணக்குக்கு அறுபதோ? மாடு மேய்க்கப் போறியோ?"

அவள் மெல்லாமல் விழுங்குவதை நான் பார்க்கிறேன். பிறகு குளியலறைக் கதவு சாத்துகிற சத்தம். ஸ்கான் எடுத்தார்கள், ஒன்றுமில்லை. டொக்டர் பிள்ளை விளக்கமாகத்தான் சொன்னாள்: பயந்தால் உடம்பு ஓடுவதற்கு ஆயத்தமாகுமாம், வயிறு தன் வேலையைக் குறைத்துவிடுமாம், தின்றது அப்படியே கிடக்குமாம். "வீட்டில பிள்ளைக்கு ஏதும் பயமோ?" என்றும் கேட்டாள். "சீ, செல்லமாய் வளர்க்கிறம்" என்றான் மகன். வருகிற திங்கட்கிழமை வாய்க்குள்ளால் குழாய் விட்டுப் பார்க்க வேறு ஒருவரிடம் நாள் எடுத்திருக்கிறான். அம்மாவின் எண்ணெய்ப் போத்தல்தான் இப்போது குழாயாக வந்திருக்கிறது!

"குழாய் வேண்டாம், அந்தப் போனை வை" என்றேன். அவன் சிரித்தான்.

"நீங்களும் அகப்பைக் காம்பால அடிச்சு அடிச்சுத்தானே அம்மா எங்களுக்குச் சோறு தீத்தினீங்கள்? நாங்கள் செத்தோ போனம்?"

அவன் சொன்னது உண்மை. ஐயாவைத் திட்டித் திட்டியே ஐயாவின் கையை நான் வாங்கிக்கொண்டிருக்கிறேன். அப்படிச் சிரித்துக்கொண்டே சாப்பாட்டுக்கு முதல் நெஞ்செரிவுக் குளிசையை அவன் விழுங்கினான். எத்தனையோ வருடமாக ஒவ்வொரு நாளும் விழுங்குகிறான்.

யாழினி, இந்தக் கொப்பியை எனக்கு ஒருதரம் வாசித்துக் காட்டு, பிள்ளை. எழுத்துப் பிழை இருந்தால் திருத்து, கதையைத் திருத்தாதே. திங்கட்கிழமைக்கு முதல் இதை உன் அப்பாவின் கையில் நான்தான் கொடுப்பேன். அவன் சாப்பிட்டுக் கை கழுவட்டும்.