ஆடும் அடுப்பு, ஆடாத சட்டி

முத்துப்பேச்சி அக்காவின் வலது கால் முழங்காலுக்குக் கீழே வேறு நிறம். ஓதம் ஏறிய சுவரில் சுண்ணாம்பு உரிந்த மாதிரி, வெந்து ஆறிய தோல். அதை அவள் மறைப்பதில்லை. சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டுதான் தெருவில் நடப்பாள்.

"பாக்கட்டும் தம்பி. பாத்தாத்தான கேப்பாக. கேட்டா யாரு பண்ணுனதுன்னு சொல்லுவேன்."

திருத்தங்கலில் எங்கள் வீட்டுக்கு எதிர்வீடு அவளுடையது. நான் அச்சகத்தில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வடிவமைக்கிறேன். சாயங்காலம் வந்ததும் ஜன்னலோரம் ஒரு புத்தகத்தோடு உட்காருவேன். நேர் எதிரே அவள் வாசல். பல நாள் புத்தகம் மடியிலேயே கிடக்கும்.

அவள் சமையல்காரி. கல்யாணம், காதுகுத்து, சடங்கு என்று சுற்றுவட்டாரம் முழுக்க அவள் கைப்பக்குவம் தெரியும். ஆடி மாதத்தில் பாதயாத்திரை வேலை. இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு நடந்து போகிற கூட்டத்தோடு ஒரு சின்ன லோடு வண்டியும் போகும். அதில்தான் காய்கறி, பாத்திரம், சிலிண்டர், ஒலிபெருக்கி எல்லாம். நடக்கிறவர்கள் தங்குகிற இடம் வருவதற்குள் சாப்பாடு தயாராகிவிட வேண்டும். இந்த வண்டிகளுக்குக் கான்ட்ராக்ட் எடுப்பவர் ரத்தினசாமி அண்ணாச்சி.

அந்த வருஷம் அவர் கையில் ஆர்டர் அதிகம். ஒரே வண்டி இரண்டு கூட்டத்துக்குச் சாப்பாடு போட வேண்டியிருந்தது. சாத்தூர் தாண்டியதும் சாம்பார் கொதிக்க ஆரம்பித்தது. கொஞ்சம் ஓரங்கட்டச் சொன்னாள் அக்கா. டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணாச்சி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நின்னு சமைச்சா நேரமாகும். நீ ஓட்டுலே."

ஆற்றுப் பாலத்துக்கு முந்திய வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியது. சட்டி சாய்ந்தது. கால் வெந்தது.

அதோடு போயிருந்தால் அவள் ஆறியிருப்பாளோ என்னவோ. அவளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டு, கூடி நின்ற கூட்டத்திடம் அண்ணாச்சி ஒரு வார்த்தை சொன்னார்.

"வீட்டுக்குத் தூரமா இருந்தவ, மறைச்சு வந்து ஆத்தா சோத்துல கைய வச்சிருக்கா. ஆத்தா சும்மா விடுவாளா?"

மாதவிலக்கோடு சாமிச் சோறு சமைத்தாள் என்பதற்கு எங்கள் பக்கத்துப் பேச்சு இது. அப்புறம் யாரும் வேகத்தடையைப் பற்றியோ டிரைவரைப் பற்றியோ கேட்கவில்லை. அவள் கட்டுப் பிரித்து வீடு வருவதற்குள் அந்தச் சொல் எல்லா ஊரையும் சுற்றி வந்துவிட்டது. கல்யாண வீடுகள் அவளைக் கூப்பிடுவதை நிறுத்தின. பல வருஷமாகக் கூடவே காய் நறுக்கிய முருகேஸ்வரிகூடத் தன் பேத்தி காதுகுத்துக்கு வேறு ஆளை வைத்தாள்.

"நெசமாவே தூரமாத்தான் இருந்தியா?" என்று அக்காவின் வாசலில் நின்று முருகேஸ்வரி கேட்டதும் என் காதில் விழுந்தது.

"இருந்தா சட்டி சாயுமா? அப்ப ஊர்ல எத்தனை சட்டி சாஞ்சிருக்கணும்" என்று கதவைச் சாத்தினாள் அக்கா.

என்னிடம் ஒருநாள் சொன்னாள். "ஆத்தாகிட்ட நான் ஒண்ணும் கேக்கல தம்பி. அவளுக்குத் தெரியும். எந்த வாய் சொல்லுச்சோ அந்த வாய் மாத்திச் சொல்லணும். அதுவும் அங்கனயே வச்சு."

அடுப்பு அப்படித்தான் தொடங்கியது. ஓடுகிற வண்டியில் சாயாத அடுப்பு. அதைச் செய்துவிட்டால் குற்றம் தன்மேல் இல்லை, சாய்ந்த வண்டிமேல் என்றாகிவிடும். அதற்குமேல், அண்ணாச்சிக்கு அது இல்லாமல் முடியாது என்றாகிவிடும். இரண்டாவது கணக்கை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் சுடலை அவளுக்குக் கொழுந்தன் முறை. முதலில் அடுப்பைச் சங்கிலியில் தொங்கவிட்டார்கள். வண்டி நின்ற பிறகும் அது தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டே இருந்தது.

"தாலாட்டுப் பாடினா நிக்கும் மதினி" என்றான் சுடலை.

அடுத்து ஓர் இரும்பு வளையம், இரண்டு பக்கமும் அச்சு. வண்டி இடம் வலமாகச் சாய்ந்தால் அடுப்பு நேராக நின்றது. பிரேக் போட்டால் முன்னால் கவிழ்ந்தது. பிறகு அந்த வளையத்துக்குள் இன்னொரு வளையத்தைக் குறுக்கு அச்சில் மாட்டினார்கள். வெளி வளையம் ஒரு பக்கத்தைப் பார்த்துக்கொள்ள, உள் வளையம் மறுபக்கத்தைப் பார்த்துக்கொண்டது. ஆனால் சட்டி நிறைந்ததும் மேல்பாரம் தாங்காமல் மொத்தமும் தலைகீழாகப் பார்த்தது. பாரம் கீழே வேண்டும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அக்கா வீட்டுக்குப் போய்த் தன் பழைய கிரைண்டரின் கல்லைக் கழற்றித் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"எவன் வீட்டு மாவையும் ஆட்டப் போறதில்ல. அடியில கட்டுலே."

கல் கட்டியதும் அடுப்பு நிமிர்ந்தது. அச்சுகளில் சைக்கிள் டயரை வட்டமாக வெட்டிச் செருகியதும் ஆட்டமும் சீக்கிரம் அடங்கியது. கேஸ் குழாய் இழுபடாமல் இருக்க அதை ஒரு சுற்று தொய்வாக விட்டார்கள்.

சோதனைக்கு அவள் ஒரு வழி வைத்திருந்தாள். சட்டியில் மஞ்சள் கரைத்த தண்ணீர், சுற்றிலும் வெள்ளை வேட்டி. சுடலையின் லோடு ஆட்டோவில் அதை ஏற்றி ஆனைக்குட்டம் ரோட்டின் பள்ளம் மேடெல்லாம் போய் வருவார்கள். எனக்கு முடிவு தெரியக் கேட்க வேண்டியதில்லை. அவள் கொடியில் காயும் வேட்டியைப் பார்த்தால் போதும். முதலில் கல்யாண வேட்டி மாதிரி முழு மஞ்சள். பிறகு தெறிப்பு. பிறகு ஓரத்தில் நாலைந்து புள்ளி. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேட்டி வெறும் வெள்ளையாகக் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. நான் ஜன்னலில் எழுந்து நின்றேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். சிரிக்கவில்லை.

கடைசியாக ஓர் ஆணி. விரல் தடிமன் இருக்கும். சட்டியை ஏற்றி இறக்கும்போது அடுப்பு ஆடாமலிருக்க வளையத்தில் அதைச் செருகிப் பூட்ட வேண்டும். வண்டி கிளம்பும் முன் உருவிவிட வேண்டும். மறந்தால் அது சாதாரண அடுப்புதான். வண்டி சாய்ந்தால் சட்டியும் சாயும்.

"சாதிச்சாச்சுல்ல, இனி அந்த ஆள விட்டுத் தள்ளுங்க மதினி" என்றான் சுடலை.

"குழம்பு ஆறுனா சூடு பண்ணிக்கிடலாம். கோவம் ஆறுனா ஊசிப்போயிரும்லே."

சாயாத அடுப்பைப் பற்றிக் கேள்விப்பட்டு, ஆடி பிறந்ததும் அண்ணாச்சியே வந்தார். தெருவே வாசலுக்கு வந்தது.

"மூணு அடுப்பு செஞ்சு குடு பேச்சி. பழசெல்லாம் இப்ப எதுக்கு?"

"தாரேன் அண்ணாச்சி. கடைசி வெள்ளிக்கு ஒரு வண்டில இத மாட்டுவோம். நான் அன்னைக்கு உக்காந்த எடத்துல நீங்க உக்காரணும். சாத்தூர்ல இருந்து கோயில் வரைக்கும் எந்திரிக்காம வந்தீகன்னா மூணு என்ன, ஆறு தாரேன்."

"இம்புட்டுதானா?" என்று சிரித்தார். தெரு முழுக்கக் கேட்கும்படி ஒப்புக்கொண்டார்.

அந்த வெள்ளிக்கிழமை, கூட்டத்தோடு நடந்து வந்த நானும் கால் கொப்புளத்தைச் சாக்குச் சொல்லி வண்டியின் பின்பக்கம் தொற்றிக்கொண்டேன். அடுப்பை ஒட்டி ஒரு பலகை. அதில் வெள்ளை வேட்டியோடு அண்ணாச்சி. எதிரே வெந்த காலை நீட்டி அக்கா. மூலையில் முருகேஸ்வரி, பாட்டுச் சொல்வதற்கு மைக்கைப் பிடித்திருந்தாள். டிரைவர் அன்றைக்கு ஓட்டிய அதே ஆள். சாத்தூர் தாண்டிச் சாம்பார் தளதளவென்று கொதித்தது. வண்டி குலுங்க, வளையங்கள் இப்படியும் அப்படியும் லேசாகத் திரும்பின. சட்டி அது பாட்டுக்கு நேராக நின்றது.

"பலே பேச்சி" என்றார் அண்ணாச்சி.

அக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்து அந்த ஆணியை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். அது எதற்கு என்று நிதானமாக விளக்கினாள். பிறகு ஒரு கையால் அடுப்பின் அடியில் எதையோ தொட்டுச் சரிசெய்தாள். வளையங்களின் அசைவு நின்றது மாதிரி எனக்குப் பட்டது. ரோடு அங்கே சமம்தான்.

"தம்பி, பாலம் வருது. அன்னைக்குப் போன வேகத்துலயே போ" என்று டிரைவரிடம் குரல் கொடுத்தாள்.

வண்டி வேகமெடுத்தது. அண்ணாச்சி கீழே கிடந்த ஆணியைப் பார்த்தார்.

"ஆணி இந்தா கெடக்கு. அப்ப உள்ள ஒண்ணும் இல்லல்ல?"

"ரெண்டு ஆணி செஞ்சேன் அண்ணாச்சி."

அவர் முகம் வெளிறுவதை நான் பார்த்தேன். இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏலே, வண்டிய நிறுத்துலே!"

முன்னாலிருந்து பதில் வந்தது. "நின்னு சமைச்சா நேரமாகும் அண்ணாச்சி."

"ஏ பேச்சி, வெளையாடாத. ஆணிய உருவு."

"எதுக்குப் பயம்? நீங்க சுத்தமாத்தான வந்திருக்கீக. தூரமா இருக்கவ சட்டிதான சாயும்?"

"அது நானாச் சொன்னது, ஆத்தா! ஓட்டச் சொன்னது நான்தான். உம்மேல ஒரு குத்தமும் இல்ல. உருவு தாயி!"

அது ஒலிபெருக்கியில் பாலத்துக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்டது. முருகேஸ்வரி எப்போதோ மைக்கை அவர் வாயருகே நீட்டியிருந்தாள். ரோட்டோரம் நடந்தவர்கள் எல்லோரும் நின்று திரும்பினார்கள்.

வேகத்தடை தட்டியது. அண்ணாச்சி அலறிக்கொண்டு எழுந்து, காய்கறி மூட்டைமேல் விழுந்து, வண்டிக்குள் கைலிகள் காயப்போட்டிருந்த கயிற்றில் சிக்கி நின்றார். வண்டி பின்பக்கம் எகிறி இறங்கியது. வளையங்கள் இரண்டும் வழுக்கிக்கொண்டு திரும்பின. சாம்பார் விளிம்புவரை வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. ஒரு சொட்டு இல்லை.

"என்ன அண்ணாச்சி, குளிக்காம வந்துட்டீகளோ?" என்றாள் முருகேஸ்வரி. மைக்கிலேயே கேட்டாள். ரோடு சிரித்தது.

கோயில் வாசலில் வண்டி நின்றதும் அவர் வேட்டியை உதறிக்கொண்டு வந்தார். குரல் தணிந்திருந்தது. "அதான் சொல்லிட்டேன்ல. ஊரே கேட்டுச்சு. அடுப்பு எப்பத் தாரே?"

அக்கா அடுப்பிலிருந்து சட்டியை இறக்கிக்கொண்டிருந்தாள். கை சுடாமல் பிடிக்க அவள் வைத்திருந்த துணி, கால் வெந்த அன்று கட்டியிருந்த சேலையின் கிழிசல்.

"எந்திரிக்காம வந்தாத்தான தாரேன்னேன். நீங்க எந்திரிச்சிட்டீகளே."

அவள் இப்போது மறுபடியும் கல்யாணங்களுக்குச் சமைக்கிறாள். மற்ற கான்ட்ராக்ட்காரர்கள் எல்லோரும் அவளுடைய அடுப்பைத்தான் மாட்டுகிறார்கள். அண்ணாச்சிக்கு மட்டும் இல்லை. அவர் ஆர்டர்கள் ஒவ்வொன்றாகக் கைமாறின. சுடலையிடம் ஒருநாள் அந்த இரண்டாவது ஆணியைப் பற்றிக் கேட்டேன்.

"ரெண்டா? நான் செஞ்சது ஒத்த ஆணிதான் தம்பி."

ஆடி வந்தால் அவளுடைய வண்டியில் அடுப்பை ஒட்டி அந்தப் பலகை இருக்கும். கால் வலிக்கிறது என்று யார் கேட்டாலும் அதில் உட்கார விடமாட்டாள். கிளம்பும் முன் வண்டியை அண்ணாச்சி வீட்டு முன்னால் நிறுத்தச் சொல்வாள். பலகையை ஒரு தரம் துடைப்பாள். உள்ளே ஜன்னல் சாத்துகிற சத்தம் கேட்டபிறகுதான், "போலாம்பா" என்பாள்.