லண்டனில் இருந்தவரும் கொழும்பில் படித்தவளும்

போன வருடம் சித்திரை மாதம், ஒரு சனிக்கிழமை. புற்றுநோய் வந்தவர்களுக்கு உதவும் ஒரு சங்கம், உடுவிலில் ஒரு மண்டபத்தில் தன் அங்கத்தவர்களை ஒன்றுகூட்டியிருந்தது. நான் மகளோடு போயிருந்தேன். எங்கள் வீடு கொக்குவிலில். உடுவிலுக்கு எங்களைத் தெரிந்தவர்கள் யாரும் வரமாட்டார்கள் என்ற துணிவில்தான் போனேன்.

மகளுக்கு இருபது வயது. அவளுக்கு வந்த வருத்தம் புற்றுநோய் என்று தெரிந்த நாளிலிருந்து, அவள் கொழும்பில் ஒரு கோர்ஸ் படிக்கிறாள் என்றுதான் ஊருக்குச் சொல்லி வந்தேன். நாளைக்குக் கலியாணம் பேசும்போது யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாதே என்ற பயம். ஆஸ்பத்திரிக்குப் போகும் நாட்களில் ஓட்டோவை வளவுக்குள்ளேயே வரச் சொல்லி ஏற்றுவேன். மற்ற நாட்களில் பிள்ளை முற்றத்துக்குக்கூட வருவதில்லை. சிகிச்சை முடிந்து, இப்போதைக்குப் பயமில்லை என்று டொக்டர் சொன்ன பிறகும் அறைக்குள்ளேயே கிடந்தாள். அவளுடைய சிரிப்பைக் கேட்டு எவ்வளவோ காலமாகிவிட்டது. அது திரும்பி வருமா என்ற ஏக்கம்தான் எனக்கு. கிளினிக்கில் ஒரு தாதி, "ஒருக்கால் கூட்டிக்கொண்டு வந்துதான் பாருங்கோவன்" என்று சொன்னபடியால் போனோம்.

அழுகையும் ஆறுதலுமாகத்தான் இருக்கும் என்று நினைத்து, கண் துடைக்கக் கைலேஞ்சி இரண்டு கொண்டு போயிருந்தேன். அங்கே பார்த்தால் கலியாண வீடு மாதிரி! ஒரு பக்கம் கட்லட் பொரிகிற வாசம், மறு பக்கம் ஸ்பீக்கரில் பாட்டு. நடுவில் சங்கீதக் கதிரை விளையாட்டு நடக்கிறது. யாரோ மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வட்டத்தில் விட்டுவிட்டார்கள். கொதித்தாறிய தண்ணீர்ப் போத்தலும் கையுமாக நானும் வட்டத்துக்கு வெளியே சேர்ந்து ஓடினேன்.

"பிள்ளை, கவனம்! மெல்ல ஓடு!"

"அண்ணை, நீங்களும் கதிரைக்குத்தான் ஓடுறியளோ?" என்று ஒருவர் கேட்க, மண்டபமே சிரித்தது.

கடைசியில் ஒரு கதிரைதான் மிச்சம். மகளும், அவளைப் போலவே தலையில் சால்வை கட்டிய ஓர் அம்மாவும் சுற்றினார்கள். பாட்டு நின்றதும் இருவரும் ஒரேயடியாகக் குந்த, கதிரை சறுக்கி இரண்டு பேரும் நிலத்தில்! தலையில் கட்டியிருந்த துணிகளும் கழன்றுவிட்டன. நான் பதறிக்கொண்டு ஓடினேன். பார்த்தால், இரண்டு மொட்டைத் தலைகளும் ஒன்றையொன்று பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கின்றன.

என் பிள்ளையின் சிரிப்பு! மற்றச் சிரிப்பும் எனக்குப் பழக்கமானதுதான். மெலிந்த முகத்தில் ஆளை அடையாளம் தெரியாவிட்டாலும், எத்தனையோ வருடமாக மதிலுக்கு மேலால் கேட்ட சிரிப்பு. பக்கத்து வீட்டு மாஸ்டரின் மனைவி! அவர் லண்டனில் தன் மகளோடு இருக்கிறார் என்றல்லவா மாஸ்டர் சொன்னவர்? போன கிழமைகூட, "அங்கை இன்னும் குளிர் விடேல்லையாம், தம்பி" என்றாரே!

திரும்பினால் மாஸ்டர் கையில் ரோல்ஸோடு நிற்கிறார்.

"மாஸ்டர்... லண்டன்?"

"தம்பி... கொழும்பு?"

மாஸ்டரின் கண் மெல்லச் சுருங்கியது.

"அப்ப எங்கடை அன்னமுன்னாவை மொட்டையடிச்சது நீரோ?"

அவர் வளவில், மதிலோரமாக ஒரு முள்ளு அன்னமுன்னா மரம். இலையை அவித்துக் குடித்தால் இந்த வருத்தத்துக்கு நல்லது என்று யாரோ சொல்ல, என் பக்கம் நீட்டிய கொப்பிலிருந்து களவாகப் பறித்துவந்தேன். அவரும் தன் பக்கத்தில் அதையேதான் செய்திருக்கிறார். மரம் மொட்டையானதும், மதிலுக்கு அங்காலும் இங்காலும் நின்று ஊர் ஆடுகளை அல்லவா சேர்ந்து திட்டினோம்!

பக்கத்தில் நின்ற எங்கள் கிளினிக் டொக்டர் அம்மா தலையில் கை வைத்தார். "அது மருந்தில்லை எண்டு கிளினிக்கிலை எத்தினை தரம் சொன்னனான்? அந்த மரத்தையாவது வாழ விடுங்கோ."

மகள் நிலத்திலிருந்து எழும்பி, சால்வையை மடித்து என் கையில் தந்தாள். "அப்பா, இண்டையோடை என்ரை கோர்ஸ் முடிஞ்சுது. நான் கொழும்பாலை வந்திட்டன்."

"நானும் பிளேனாலை இறங்கிட்டன்" என்றார் மாஸ்டரின் மனைவி.

ஒரே ஓட்டோவில்தான் திரும்பினோம். எங்கள் வீடுகளுக்குப் போகும் ஒழுங்கை முகப்புக் கடையடியில் மகள் ஓட்டோவை நிற்பாட்டச் சொன்னாள். "இதாலை நடப்பம்" என்றாள். வெறுந்தலையோடு இருவரும் இறங்க, நான் ஒழுங்கையின் இரு பக்கமும் பார்த்தேன். கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"அன்ரி, எப்ப லண்டனாலை வந்தனீங்கள்?"

"நான் எங்கை போனனான்? கான்சர் எண்டு வீட்டுக்குள்ளை ஒளிச்சிருந்தனான்."

"நானும் கொழும்பிலை இல்லை, அண்ணை. எனக்கும் அதுதான்" என்றாள் மகள்.

எங்கள் ஒழுங்கையில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத சொல் அது. கடைக்காரர் கொஞ்ச நேரம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பேக்கரியிலை இருந்து பாண் இப்பதான் வந்தது, நல்ல சூடு. ரெண்டு வீட்டுக்கும் தரவோ?" என்றார்.

செக்கப் நாள் கிட்ட வந்தால் இன்றைக்கும் எனக்குப் பயம் வரும். அப்போதெல்லாம் மகள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்த அந்தச் சூட்டுப் பாணை நினைத்துக்கொள்வேன். யாருக்கு அவ்வளவு பயந்து என் பிள்ளையை ஒளித்து வைத்தேனோ, அந்த ஊர் அவளைக் கண்டதும் கேட்டது பாண் வேண்டுமா என்று மட்டும்தான்.