மண்சுவரில் நின்ற குண்டு

காலை ஆறரை மணிக்கு ஜோகூர் பாருவில் மோட்டார் பஸ் ஏறினேன். கோத்தா திங்கிக்கு இருபத்தாறு மைல். கட்டணம் ஒரு வெள்ளி. அங்கிருந்து ஆற்றோடு சம்பான் படகில் மூன்று மணி நேரம். முதுகு ஒடிந்துவிட்டது. முந்நூற்றைம்பது வருஷத்துக்கு முன் பறங்கியர் கப்பலில் வந்து பீரங்கியால் அடித்த கோட்டையைப் பார்க்கத்தான் இத்தனை பாடு. எந்த ராஜா, எந்தத் தளபதி என்பதெல்லாம் எனக்கு வேண்டாம். குண்டு விழும்போது அடுப்பு மூட்டினார்களா? பிள்ளைகளை எங்கே படுக்கவைத்தார்கள்? அதைச் சொல்லத்தான் ஆளில்லை.

நண்பகலில் கரையேறிக் கோட்டைக் கல்லைத் தேடினேன். கல்லே இல்லை! மூன்று ஆள் உயரத்துக்கு மண்மேடு, அதன்மேல் ரப்பர் மரங்கள். அம்மாடி, வெறும் மண்ணை நம்பி ஓர் ஊரே உள்ளே இருந்திருக்கிறது!

ரப்பர் தோட்டத்து ஆபீஸ் கிராணியார் கடிதத்தில் பழக்கமானவர். "உங்களுக்குன்னு ஒரு பீரங்கிக் குண்டு இருக்கு, எடுத்துட்டுப் போங்க" என்று மேட்டடிக்கு அழைத்துப்போனார். அங்கே மரத்தடியில் தேங்காய் அளவு இரும்புக் குண்டு. அதற்குக் குங்குமம், செம்பருத்தி. முன்னால் சூடம் எரிந்துகொண்டிருந்தது. புல்வெட்டும் அஞ்சலை எங்களைக் கண்டதும் எழுந்து மறித்து நின்றாள்.

"இவ வீட்டுக்காரன் குளிர்காய்ச்சல்ல ஆஸ்பத்திரியில கெடக்கான். மூணு நாளா நெனவில்ல" என்றார் கிராணியார், தணிந்த குரலில்.

சாமி பூதம் என்றால் எனக்கு ஆகாது. வாய் சும்மா இருக்குமா? "இது சாமி இல்லம்மா. ஆளைக் கொல்ல வந்த குண்டு" என்றேன்.

"தெரியுங்கையா. நான்தானே சாங்குல் மம்பட்டி போட்டு வெட்டி எடுத்தேன். கொல்லத்தான் வந்துச்சு. வந்தது மண்ணுல அப்படியே நின்னுடுச்சில்ல? அவருக்கு வந்ததும் நிக்கட்டும்னுதான் கும்பிடுறேன். அவர் கண்ணு முழிக்கட்டும், அப்புறம் எடுத்துக்குங்க. இன்னிக்கி வேணாம்."

அந்த மண்சுவருக்குள் இருந்த பெண்களும் இதைத்தானே வேண்டியிருப்பார்கள்!

"உன் வீட்டுக்காரர் பேரென்னம்மா?" என்று கேட்டேன். புருஷன் பேரை அவள் வாயால் சொல்வாளா? தலைகுனிந்து நின்றாள்.

"மாரிமுத்து" என்றார் கிராணியார்.

செருப்பைக் கழற்றினேன். அந்தப் பேரைச் சொல்லி நானும் கும்பிட்டேன்.