நான் சேர்த்துக் கொடுத்த பதினான்கு அட்டைகள்

அன்றைக்கு நான் ஏன் கையை நீட்டினேன்? பதினாலு மாதமாக இந்தக் கேள்வி என்னோடு இருக்கிறது. பிள்ளைக்குச் சோறு தீத்தும்போது வருகிறது, உடுப்புக் காயப்போடும்போது வருகிறது. இன்னும் எனக்குப் பதில் தெரியாது.

அந்த இராணுவ அதிகாரி என்னிடம் கேட்டது "ஐடென்டிட்டி" என்ற ஒரேயொரு சொல். என்னுடையதை மட்டும் எடுத்துக் கொடுத்திருக்கலாம். மற்றவர்களிடம் வேண்டுமானால் அவனே போய்க் கேட்டிருப்பான். நான் என்ன செய்தேன்? இடுப்பில் பிள்ளையோடு, வரிசையில் நின்ற பதின்மூன்று பெண்களிடமும் அடையாள அட்டைகளை வாங்கி, எல்லாப் படமும் ஒரே பக்கம் பார்க்கும்படி என்னுடையதோடு சேர்த்து அடுக்கி அவனிடம் கொடுத்தேன். பள்ளிக்கூடத்தில் வகுப்புத் தலைவியாக இருந்தபோது கொப்பிகளைச் சேர்த்து ரீச்சரின் மேசையில் வைப்பேனே, அதே ஒழுங்கு. எழுதும்போதே கை கூசுகிறது.

அதற்கு முந்திய கிழமை வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையைச் சுற்றி வளைத்து ஏழு ஆண்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்கள் மாடிக்கு மேல்மாடியில் இருக்கும் அக்காவின் கணவரும் அதில் ஒருவர். புடவைக் கடையில் விற்பனையாளர். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர் என்பதைத் தவிர வேறு குற்றம் அவர்மேல் இன்றுவரை யாரும் சொல்லவில்லை. ஏழு வீட்டுப் பெண்களும் அயலவர்களுமாகப் பதினாலு பேர், காலி வீதி ஓரமாக ஒரு மணித்தியாலம் கோரிக்கை எழுதிய மட்டைகளைப் பிடித்துக்கொண்டு நிற்பது என்று முடிவெடுத்தோம். எனக்குச் சிங்களம் எழுதத் தெரியும் என்பதால் பொலிசுக்கு அறிவித்தல் கடிதத்தை நான்தான் எழுதினேன். சார்ஜன்ட் வாசித்து முத்திரை குத்தித் தந்தார். "மதிலோரமா நில்லுங்கோ, றோட்டில இறங்க வேண்டாம், நாலில இருந்து அஞ்சு" என்றார். அந்தப் பிரதியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனேன். முத்திரை இருந்தால் போதும் என்று நம்பிய முட்டாள் நான்.

முதல் இருபது நிமிடம் பகிடியும் கதையுமாகத்தான் போனது. கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு அன்ரி வந்திருந்தா. அவவின் மருமகனை எங்கள் ஒழுங்கை லொட்ஜில் பிடித்திருந்தார்கள். சிங்களம் பேசுவா, வாசிக்கத் தெரியாது.

"அன்ரி, மட்டையைத் தலைகீழாப் பிடிச்சிருக்கிறீங்கள்."

"அப்பிடியா மகள்? பரவால்ல, நேராப் புடிச்சா மட்டும் அவனுங்க வாசிக்கவா போறானுங்க!"

எல்லோரும் சிரித்தோம். காவலுக்கு நின்ற இரண்டு பொலிஸ்காரரில் ஒருவர் என்ன பகிடி என்றுகூடக் கேட்டார். மற்றவர் என் மகளுக்கு எத்தனை மாதம் என்று விசாரித்தார்.

பிறகு ஆமி ட்ரக் வந்தது. பன்னிரண்டு பேர் துவக்குகளோடு குதித்தார்கள். எங்களிடம் இருந்தது மட்டைகளும் ஒரு பால்போத்தலும். பொலிஸ்காரர் இருவரும் எங்களைப் பார்க்காமலே வீதியைக் கடந்து எதிர்ப்பக்கத்துப் பார்மசி நிழலில் போய் நின்றுகொண்டார்கள். ஒரு நிமிடத்துக்கு முன் என் பிள்ளையின் வயதைக் கேட்டவரும்தான்.

"சிங்களம் தெரிந்தவர் யார்?" என்று அதிகாரி கேட்டான். பதின்மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். முத்திரை குத்திய கடிதத்தை நீட்டினேன். அவன் அதை விரித்தும் பார்க்காமல் நாலாக மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்தான். பிறகுதான் அந்த ஒற்றைச் சொல்லைச் சொன்னான்.

நான் சேர்த்துக்கொண்டு போகும்போது மேல்மாடி அக்கா மட்டும் கைப்பையை இறுக்கிப் பிடித்தா.

"தங்கச்சி, என்ரயையும் குடுக்க வேணுமே?"

"குடுங்கோ அக்கா. பாத்திட்டுத் தருவினம்."

இதை நான் சொன்னேன். எந்த ஆமிக்காரனும் சொல்லவில்லை.

எங்களை நடைபாதையில் குந்தவைத்தார்கள். ஒருவன் பெயர்களையும் பிறந்த இடங்களையும் எழுதினான். இன்னொருவன் ஒவ்வொரு முகமாகப் படம் எடுத்தான். என் மகளின் முகத்தையும் எடுத்தான், அவளுக்கு அப்போது ஒன்றரை வயது. அன்ரி மட்டையை விடமாட்டேன் என்று பிடித்தபோது பூட்ஸ் காலால் அதை மிதித்து முறித்தார்கள். அவவின் விரலும் சேர்ந்து நசிந்தது. போகிற பஸ்களிலிருந்து சனம் பார்த்தது, பிறகு மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டது. வழக்குப் போடு, இல்லையென்றால் விடு என்று எழுதிய மட்டைக்கு எதற்கு இத்தனை துவக்கு? யுத்தம் செய்ய என்று பயிற்றப்பட்டவர்களை, புருஷனைக் கேட்டு நிற்கும் பெண்களுக்கு முன்னால் கொண்டுவந்து இறக்கியது யார்? அவசரகாலச் சட்டம் என்று சொல்லிவிட்டால் கேள்வி முடிந்துவிடுமா?

ஐந்து மணிக்கு அட்டைகளை நிலத்தில் கொட்டினான். பொறுக்குங்கள் என்றான். குனிந்து பொறுக்கினோம். பதின்மூன்று இருந்தன. அக்காவினுடையது இல்லை.

"சேர், ஒன்று குறைகிறது."

"திரும்ப எண்ணு, நோனா" என்று சொல்லிவிட்டு ட்ரக்கில் ஏறினான்.

அடுத்த மூன்று நாளும் நான் அக்காவோடு அலைந்தேன். அட்டை இல்லாமல் ஒரு தமிழ்ப் பெண் கொழும்பில் சந்தி தாண்ட முடியாது என்பதால் ஒவ்வொரு காவல் சென்றியிலும் முன்னுக்குப் போய், "இவ என்ர அக்கா" என்று கெஞ்சினேன். பொலிசில், "நாங்கள் எடுக்கவில்லை, முகாமில் கேளுங்கள்" என்றார்கள். முகாம் வாசலில், "ஊர்வலம் ஆர்ப்பாட்டம் எல்லாம் பொலிசின் வேலை, அங்கே போங்கள்" என்றார்கள். திரும்பவும் பொலிசுக்குப் போய், முறைப்பாடு எழுதுங்கள் என்று நின்றேன். எங்களுக்கு முத்திரை குத்தித் தந்த அதே சார்ஜன்ட் பேனையை எடுத்தார்.

"எடுத்தவரின் பெயர்?"

"தெரியாது."

"இலக்கம்?"

அவருடைய தோளில் ஒரு இலக்கம் பளபளத்தது. அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவரிடமும் அப்படி ஒன்று இருக்கவில்லை. சார்ஜன்ட் பேனையை மூடினார். பெயரும் இலக்கமும் இல்லாத ஆளுக்கு எதிராக எப்படி என்ட்ரி போடுவது என்று கேட்டார். குரலில் கோபமோ நக்கலோ இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். அடித்தவனைப் பற்றிச் சொல்லக்கூட ஒரு இடம் வைக்காமல் அடிக்கிறார்கள். அதற்காகத்தானே அவர்களை இறக்குகிறார்கள்?

அன்று செவ்வாய்க்கிழமை. தடுப்பிலிருப்பவர்களைப் பார்க்க முதல்முறையாக வியாழக்கிழமை விடுவதாக அறிவித்திருந்தார்கள். அட்டை வேண்டும், அல்லது அட்டை தொலைந்ததற்கான பொலிஸ் முறைப்பாட்டின் கொப்பி வேண்டும். சார்ஜன்ட் குரலைத் தாழ்த்தி, "பஸ்ஸில் தொலைந்தது என்று எழுதித் தாருங்கள். இப்பவே கொப்பி தாறன்" என்றார்.

அக்கா என்னைப் பார்த்தா. "எழுதுவமே, தங்கச்சி?"

எழுதினேன். அக்காவின் பெயரில், காலி வீதியில் பஸ்ஸில் பயணம் செய்யும்போது என் அடையாள அட்டை தவறிவிட்டது என்று அழகான சிங்களத்தில் எழுதினேன். அக்கா தமிழில் கையெழுத்து வைத்தா. சார்ஜன்ட் வாசித்துவிட்டு என் எழுத்து நல்லாயிருக்கிறது என்றார். அந்தப் பாராட்டை நினைக்கும்போது இன்றைக்கும் பல்லைக் கடிக்கிறேன்.

வியாழக்கிழமை அக்காவுக்குப் பத்து நிமிடம் கொடுத்தார்கள். கம்பிக்கு அப்பாலிருந்து கணவர் அந்தக் கொப்பியைப் பார்த்துவிட்டு, "இந்த நேரத்தில அட்டையைத் துலைப்பியே? உனக்கு மூளை இல்லையே?" என்று ஏசினாராம். பக்கத்தில் காவலாளி நின்றதால் அக்கா உண்மையைச் சொல்லவில்லை. "ஓம், என்ர பிழைதான்" என்றாவாம். பத்து நிமிடத்தில் நாலு நிமிடம் அதிலேயே போய்விட்டது.

அவர் இன்னும் உள்ளேதான். வழக்கில்லை. இப்போது ஒரு சட்டத்தரணி, அன்றைக்கு இராணுவம் எங்களைக் குந்தவைத்ததற்கும் அட்டை பறித்ததற்கும் எதிராக மனுப் போடப் போகிறார். அட்டைகளைச் சேர்த்ததும் எண்ணியதும் நான் என்பதால் என் சத்தியக்கடதாசிதான் முக்கியம் என்கிறார். உண்மையைச் சொன்னால் பொலிஸ் புத்தகத்தில் இருக்கும் வாக்குமூலம் பொய்யாகிவிடும். அதில் இருப்பது அக்காவின் கையெழுத்து. பொய் என்ட்ரி போட்டதாக அவவைப் பிடிக்கலாம். வியாழக்கிழமைப் பார்வையையும் நிறுத்தலாம். சொல்லாவிட்டால் அந்தப் பிற்பகல் நடக்கவே இல்லை, ஒரு பெண் பஸ்ஸில் அட்டையைத் தொலைத்தா, அவ்வளவுதான்.

என் கணவர், "எங்களுக்கும் ஒரு பிள்ளை இருக்கு, பேசாமல் இரும்" என்கிறார். இதை எழுதவும் வேண்டாம் என்றார். பெயர்கள் எதையும் போடாமல் எழுதியிருக்கிறேன். கொட்டாஞ்சேனை அன்ரி வளைந்த விரலைக் காட்டி, "நீ எழுதலன்னா நான் பெருவிரல் வெச்சாவது குடுப்பேன்டி" என்கிறா. ஆனால் ஒரு அட்டை வராமல் போனதைப் பார்த்தேன் என்பதைத் தவிர அவவால் வேறொன்றும் சொல்ல முடியாது.

அக்காவிடம் போய்க் கேட்டேன். சட்டத்தரணி சொன்ன நன்மை தீமை எல்லாவற்றையும் விளக்கினேன். அவ அரிசி அரித்துக்கொண்டே கேட்டா. "நீ படிச்சனி. நீ என்ன சொல்லுறியோ அப்பிடியே செய்வம், தங்கச்சி" என்றா. அதைக் கேட்டதும் எனக்கு அவமேலேயே கோபம் வந்தது. ஏன் திரும்பவும் என்னிடம் தருகிறீர்கள் என்று கத்தவேண்டும் போலிருந்தது. படியிறங்கி வந்துவிட்டேன்.

மாத முடிவுக்குள் பதில் சொல்லவேண்டும். இப்படி ஒரு என்ட்ரியை எழுதிவிட்டுப் பிறகு உண்மையைச் சொன்னவர்கள் உங்களில் இருக்கலாம். அல்லது சொல்லாமல் விட்டவர்கள் இருக்கலாம். கையெழுத்து வைத்தவருக்கு என்ன நடந்தது, பார்வையை நிறுத்தினார்களா, நீங்கள் செய்தது சரியென்று இன்றைக்கு நினைக்கிறீர்களா? தயவுசெய்து பத்திரிகைக்கு எழுதுங்கள். நான் சத்தியக்கடதாசி கொடுக்கவா, விடவா?